கீழ்த்தளத்தில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் வசிக்கும் 46 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்; இப்போது கிடங்கு மேற்பார்வையாளர். மனைவி மருத்துவமனையில் தாதி. மகன் உயர்நிலைப் பள்ளியிலும் மகள் தொடக்கநிலை ஐந்திலும் படிக்கிறார்கள். வயதான தாயாரும் உடன் இருக்கிறார். நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் இன்னும் அடையவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை மகளைத் துணைப்பாட வகுப்புக்கு அழைத்துச் சென்றபோது, மின்தூக்கியில் அவள், "பள்ளியில் படித்ததையே மறுபடியும் எதற்குப்பா படிக்கிறேன்?" என்று கேட்டிருக்கிறாள். "எல்லாரும் போகிறார்கள் இல்லையா" என்று இவர் பதில் சொன்னாராம். சொன்ன பதில் தமக்கே பிடிக்காமல் போய்விட்டது என்கிறார்.

அன்று தொடங்கிய கேள்விகள் அடங்கவில்லை. பெரிய வீட்டுக்கு மாற வேண்டும் என்று எல்லாரும் ஏன் துடிக்கிறார்கள், விடுமுறை வந்தால் ஏன் பயணம் போயே ஆக வேண்டும், அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு பொருள் உண்டா, மனிதன் எதற்காக ஓடுகிறான் என்றெல்லாம் யோசிக்கிறார். மாலை ஏழு மணிக்குப் புளோக்குக்கு வந்துவிடுபவர், கீழ்த்தளத்துக் கல்மேசையில் பத்து மணிவரை தனியே உட்கார்ந்திருக்கிறார். "யோசித்து யோசித்து ஆளே மாறிவிட்டீர்கள்" என்கிறார் மனைவி. அண்ணன் நேரம் சரியில்லை, பரிகாரம் செய் என்கிறார். "ஆராயப்படாத வாழ்க்கை வாழத் தக்கதன்று" என்ற சாக்ரட்டீசின் கூற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வாசகர் மூன்று கேள்விகள் கேட்கிறார். இப்படி யோசிப்பது நோயா? ஆழ்ந்து சிந்திப்பதற்காக வேலையை விட்டுவிடலாமா? சிந்திக்காமலே வாழும் குடும்பத்தாரை எப்படி மாற்றுவது?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரருக்கு, வணக்கம்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். யோசிப்பது நோயன்று. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மூப்பும் ஒருசேரத் தோளில் ஏறும் வயதில், "இதையெல்லாம் எதற்காகச் செய்கிறேன்" என்று ஒருவர் நின்று கேட்பது, மனம் நன்றாக இருப்பதற்கான அறிகுறியே. ஆலோசனைக்கு வருகிறவர்களில் அந்தக் கேள்வியைக் கேட்டதால் வந்தவர்களைவிட, பல ஆண்டுகள் கேட்காமல் தள்ளிப்போட்டதால் வந்தவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். ஆகவே அண்ணன் சொல்லும் பரிகாரத்தைச் செய்வதும் செய்யாததும் உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது. கேள்வி கேட்பதைத் தோஷம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஆனால், கல்மேசையில் கழியும் அந்த மூன்று மணி நேரமும் ஆழ்ந்த சிந்தனைதானா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வி

உங்கள் கடிதத்தில் வரும் கேள்விகள் பெரும்பாலும் "மனிதன்", "சமுதாயம்", "நாம்" என்றே தொடங்குகின்றன. நான்காம் பக்கத்தின் நடுவில் மட்டும், அடைப்புக்குறிக்குள், "நான் ஏன் ஏழு மணிக்கே மேலே போவதில்லை என்றும் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே மறுபடியும் மனித குலத்துக்குத் திரும்பிவிடுகிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்திய வரி அதுதான். மனிதன் ஏன் ஓடுகிறான் என்ற கேள்விக்கு நீங்கள் இந்த ஆயுளில் விடை கண்டாலும் காணாவிட்டாலும், நாளை காலை எதுவும் மாறப்போவதில்லை. நான் ஏன் மேலே போவதில்லை என்ற கேள்விக்கு நேர்மையாக விடை கண்டால், நாளை மாலையே ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டியிருக்கும். பெரிய கேள்விகள் சில வேளைகளில் சிறிய கேள்விகளிடமிருந்து தப்பிப்பதற்கான நல்ல மறைவிடமாகிவிடுகின்றன. உங்கள் நிலையும் அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்கிறேன்.

சாக்ரட்டீசை நீங்கள் அழைத்ததால் அவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கி.மு. 399இல் ஏதென்சு நகர நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்று, உயிருக்கே ஆபத்தான நேரத்தில் அவர் சொன்னதாக நமக்குக் கிடைத்திருக்கும் கூற்று அது. அவர் தனியே உட்கார்ந்து யோசித்துக் கழித்தவர் அல்லர். சந்தையிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஆட்களை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தவர். வீரம் என்றால் என்ன என்று படைத்தளபதிகளையே கேட்டவர். எதிரே நிற்பவர் மறுத்துப் பேசினால்தான் தம் எண்ணத்தில் எங்கே ஓட்டை என்று தெரியும் என்பது அவர் முறை. (அவருக்கும் மனைவியும் மூன்று மகன்களும் இருந்தார்கள், வீட்டில் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் பக்கம் நின்று யாரும் எழுதிவைக்காதது நமக்கு இழப்பே.)

இவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை. வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவனுக்குக் கேள்வி கேட்க ஏது நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வரலாறு வேறு சொல்கிறது. 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துசென்றார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். சாதி வேற்றுமையும் சடங்குகளும் திருமண முறைகளும் அப்படியேதான் இருக்க வேண்டுமா என்று அன்று விவாதித்த தமிழர்களில் பெரும்பாலோர் ஓய்வும் வசதியும் உள்ளவர்கள் அல்லர். துறைமுகத்திலும் நகராட்சியிலும் நாள் முழுக்க உழைத்தவர்கள் நிறைந்த சமூகம் அது. அவர்கள் வாழ்க்கையின் பொருள் என்ன என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இந்த வழக்கம் நமக்குத் தேவையா என்று ஒவ்வொன்றாக எடுத்து, கூடிப் பேசினார்கள். அவர்களுடைய முடிவுகள் எல்லாவற்றையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கேட்ட முறையைக் கவனியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிந்திப்பதும் அசைபோடுவதும்

உளவியலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1989 அக்டோபரில் வட கலிஃபோர்னியாவை ஒரு பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பது பற்றித் தற்செயலாகத் தகவல் திரட்டியிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் அதே மாணவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, தம் சோர்வையும் அதன் காரணங்களையும் திரும்பத் திரும்ப மனத்துக்குள் உருட்டும் வழக்கமுடையவர்களிடம், வாரங்கள் கடந்த பிறகும் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. 1991இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும், அசைபோடும் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதையே உறுதிப்படுத்தின. அப்படிச் செய்பவர்களுக்கும் அந்த நேரத்தில் தாம் மிக ஆழமாக யோசிப்பதாகவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இரண்டையும் வேறுபடுத்தும் வழி எளிது. யோசித்து எழுந்திருக்கும்போது, உட்கார்ந்தபோது தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறதா? அல்லது யாரிடமாவது கேட்க வேண்டிய, எங்காவது பார்க்க வேண்டிய ஒன்றாவது கிடைத்திருக்கிறதா? நேற்றைய கேள்வி இன்றும் அதே சொற்களில், அதே கனத்தோடு வந்தால் அது சிந்தனையாக நகரவில்லை. எழுதிப் பார்ப்பது இதற்குப் பெரிதும் உதவும். 1980களில் ஜேம்ஸ் பென்னபேக்கர் தொடங்கிய ஆய்வுகளில், மனத்தை உறுத்துவதைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுதச் சொன்னார்கள். அதற்குமேல் தேவையில்லை. கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தாளில் எழுதிய கேள்வி மறுநாளும் மாறாமல் கிடந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மகளின் கேள்வியை எடுத்துக்கொள்வோம்

விடை காணக்கூடிய கேள்வி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைக் கேட்டவள் உங்கள் மகள். "ஏன் எல்லாரும் துணைப்பாடத்துக்கு ஓடுகிறார்கள்" என்று அதை விரித்து, சமுதாயத்தின் தலையில் போட்டுவிட்டீர்கள். அவள் கேட்டது, தான் ஏன் போக வேண்டும் என்பதுதான்.

இதற்குத் தேவையான தகவல்கள் கிடைக்கக்கூடியவை. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் மதிப்பீட்டு முறை 2021இல் மாறிவிட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரையான அடைவுநிலைகள் உண்டு. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டினால் வருவதே மொத்தப் புள்ளி. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் முதல் நிலை. 65 முதல் 74 வரை ஐந்தாம் நிலை. ஆக, 91 வாங்கினாலும் 99 வாங்கினாலும் ஒன்றுதான். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண்ணை நிர்ணயித்த பழைய முறையும் அதோடு போய்விட்டது. அரையாண்டுத் தேர்வுகளும் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் 2023க்குள் படிப்படியாக நீக்கப்பட்டன. நீங்களும் நானும் படித்த காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைக்கு முடிவு செய்யக் கூடாது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். (துணைப்பாட நிலையங்களின் விளம்பரங்களைப் பார்க்கும்போது பிள்ளைகளைவிடப் பெற்றோர்மீதுதான் எனக்கு இரக்கம் வருகிறது, அவ்வளவும் பெற்றோரின் அச்சத்தைக் குறிவைத்தே எழுதப்படுகின்றன.)

உங்கள் மகள் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் துணைப்பாடம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் அவள் தடுமாறுகிறாள், ஆங்கிலத்தில் எப்போதும் நன்றாகச் செய்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மூன்றுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. கணக்கு வகுப்பு அவளுக்கு உதவக்கூடும். ஆங்கில வகுப்பு யாருடைய மனநிம்மதிக்காக என்பதை வீட்டில் பேச வேண்டும். வகுப்பாசிரியரைக் கேளுங்கள், மனைவியைக் கேளுங்கள், மகளையே கேளுங்கள். ஒரு தவணைக்கு ஒரு வகுப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடியும் பேசுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதற்காக எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் சிந்தனையாகாது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளை, தான் கேட்ட கேள்வியைப் பெரியவர்கள் பொருட்படுத்தி, தேடி, பதில் சொன்னதைப் பார்ப்பது எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

அவர்கள் சிந்திக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

மூன்றாம் கேள்வியில் உள்ள அனுமானத்தைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன். மனைவி எதையும் ஆராயாமல் வாழ்கிறார் என்பதற்குச் சான்றாக, இரண்டாண்டுகளுக்கு முன் வந்த பதவி உயர்வை, பொறுப்புக் கூடினால் வீட்டுக்கு வரும் நேரம் தவறும் என்று அவர் மறுத்துவிட்டதை எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நேர்மாறாகப் படித்தேன். சம்பளம், மதிப்பு, பிள்ளைகள், மாமியார், தம் உடல்நலம் எல்லாவற்றையும் எடைபோட்டு, எல்லாரும் ஓடும் திசையில் தாம் ஓடுவதில்லை என்று முடிவு செய்தவர் அவர். நீங்கள் கல்மேசையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று அவரை எப்போதாவது கேட்டதுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

"ஆளே மாறிவிட்டீர்கள்" என்று அவர் சொன்னதையும் சிந்தனைக்கு எதிரான பேச்சு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது: சமையல், வீட்டுப்பாடம், உங்கள் அம்மாவின் மாத்திரை, மறுநாள் சீருடை. பகல் முழுவதும் வார்டில் நின்றுவிட்டு வந்தவர் அதையும் தனியாகச் செய்கிறார். அவர் குறை சொல்வது உங்கள் யோசனையையா, நீங்கள் வீட்டில் இல்லாததையா என்று அவரிடமே கேளுங்கள். யாரையும் மாற்றும் வழியை நான் சொல்லப்போவதில்லை. அந்த முயற்சியே இங்கே தேவையற்றது.

தாயாரின் விளக்கைப் பற்றியும் அவ்வாறே. ஒரு வழக்கத்தைக் கேள்வி கேட்பதும் அதைக் கைவிடுவதும் ஒன்றல்ல. எதற்காக ஏற்றுகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டால், அப்பாவின் நினைவாகவோ, பழகிய ஒழுங்குக்காகவோ, நீங்கள் எதிர்பாராத வேறு எதற்காகவோ இருக்கலாம். கேட்ட பிறகும் உங்களுக்கு அதில் நம்பிக்கை வராமல் போகலாம். அதனால் குறை ஒன்றுமில்லை.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

நோயன்று என்று மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு உண்டு. தூக்கம் குறைந்திருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் வறண்டிருந்தாலோ, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனாலோ, அதோடு தூக்கம், பசி, கவனம் கெட்டாலோ, பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சென்று இதை அப்படியே சொல்லுங்கள். கேள்விகளை நிறுத்த முயன்றும் நிறுத்த முடியாமல் பதற்றம் கூடினாலும் அவ்வாறே. வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வாழ வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்: 1767 சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண், 1771 தேசிய மனநல உதவி எண். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

வேலையை விடுவதற்கு முன்

இந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவற்றைச் செய்தால் இதன் வடிவமே மாறிவிடக்கூடும் என்பதுதான். எனினும் கணக்கைச் சொல்ல வேண்டியது என் கடமை. நீங்கள் 55 வயதுக்கு உட்பட்டவர் என்பதால், சம்பளத்தில் உங்கள் பங்கு 20 விழுக்காடும் முதலாளியின் பங்கு 17 விழுக்காடுமாக மத்திய சேம நிதிக்குப் போகிறது. வீட்டுத் தவணையை அதன் சாதாரணக் கணக்கிலிருந்துதான் செலுத்துகிறீர்கள். வேலையை விட்டால் அந்த வரவு நின்றுவிடும்; கணக்கில் இருப்பது தீர்ந்தபின் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும். நிறுவனம் தரும் மருத்துவக் காப்புறுதியும் போய்விடும். 46 வயதில் வெளியேறி மீண்டும் அதே நிலையில் நுழைவது எளிதா என்பதை உங்கள் துறையில் உள்ளவர்களிடம் கேட்டறியுங்கள்.

வேலையை விடாமலே நேரம் பெறும் வழிகளை நீங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. 17 ஆண்டுகள் பணியாற்றியவருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பள விடுப்பு உண்டு. உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். அதைப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்பளமில்லா விடுப்பு உரிமையன்று, முதலாளி இசைந்தால் கிடைக்கும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறைப்படி எழுதிக் கொடுத்தால், முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதங்களுக்குள் எழுத்துவழி பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிடங்கு மேற்பார்வையை வீட்டிலிருந்து செய்ய முடியாது என்றாலும், தொடங்கும் நேரத்தை மாற்றுவதும் வாரத்தில் ஒரு நாள் முன்னதாக முடிப்பதும் கேட்கக்கூடியவையே.

தத்துவம் படிக்கும் ஆசைக்கு, திறன் பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2024இல் வழங்கப்பட்ட கூடுதல் 4,000 வெள்ளி, வேலைவாய்ப்போடு தொடர்புள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். வாசிப்பதற்கும் வாசித்ததைப் பற்றி வாதாடுவதற்கும் நூலகங்களில் நடக்கும் தமிழ் வாசகர் வட்டங்கள் இப்போதைக்குப் போதும். அங்கே உங்களை மறுத்துப் பேச ஆள் இருப்பார்கள்.

ஆகவே இந்த மாதம் விலகல் கடிதம் எழுதாதீர்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான விண்ணப்பத்தை எழுதுங்கள். எந்த நாள் முன்னதாக வர வேண்டும் என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் வைத்து, மனைவியின் அடுத்த மாதப் பணி அட்டவணையைக் கேட்டு வாங்கி, அவரோடு உட்கார்ந்து அதை நிரப்புங்கள்.